அடியில் உட்காரும் வாசனை

மார்ச் 4

சம்பந்தியம்மாவுக்கு,

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான். அப்போது உயிரோடு இருந்த என் வீட்டுக்காரர். என் மகள் சிட்டு. பெண் பார்க்க வந்த நீங்கள். உங்கள் மகன். உங்கள் தம்பி மீசைக்காரர். அப்புறம், கூப்பிடாமலே வந்து, டீ வருகிற வரைக்கும் இடத்தை விட்டு அசையாத மாடிவீட்டுக் கம்பவுண்டர். நாற்காலி பற்றாமல் அவர் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு இதெல்லாம் நினைவிருக்குமோ என்னவோ" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கா? உங்கள் மகன் எந்தக் காலை முதலில் உள்ளே வைத்தார் என்றுகூடச் சொல்வேன். வலது கால். இடது செருப்பின் வார் மாட்டிக்கொண்டு வாசலில் ஒற்றைக்காலில் நின்றார்.

இனிமேல் உங்களோடு பேசமாட்டேன் என்று போனில் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். நீங்கள் நூலகத்தில் வேலை பார்த்தவர், நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

நீங்கள் செய்து அனுப்பிய ஊதா மெழுகுவர்த்தி வந்தது. சோப்புக்கடை மாதிரி மணக்கிறது. குளியலறையில் வைத்திருக்கிறேன்.

கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் உங்கள் மகனை விட்டு இங்கே வந்து, மழை முடிந்து வெயிலும் வந்துவிட்டது. கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிறாள், வருகிறாள். வாண்டு "அப்பா இன்னும் லிஃப்டு ரிப்பேரு முடிக்கலையா பாட்டி?" என்று கேட்கிறது. "பெரிய பில்டிங்குடி" என்று சொல்லி வைக்கிறேன். அங்கே உங்கள் மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் என்ன மெழுகுவர்த்தி ஏற்றினாலும் "இது இல்லம்மா, அன்னைக்கு அவங்க வீட்ல வந்துச்சே, அது" என்கிறார். அந்த வாசனையை மெழுகில் பிடித்து அங்கே ஒன்று, இங்கே ஒன்று ஏற்றினால் இரண்டு பேரும் இறங்கி வருவார்கள் என்பது உங்கள் கணக்கு. மெழுகுவர்த்தி ஏற்றிக் குடும்பம் சேர்ந்ததை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

காலையில் தரையை எலுமிச்சைப்புல் எண்ணெய் விட்டுத் துடைத்தேன், இரண்டு தடவை. என் வீட்டுக்காரருக்குப் பல்வலி. கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சைக் கடைவாயில் வைத்துக்கொண்டுதான் உங்களோடு அத்தனை நேரமும் பேசினார். அவர் அதிகம் பேசாததை அடக்கம் என்று நீங்கள் பாராட்டினீர்கள், அதுவும் நினைவிருக்கிறது. சிட்டு ஆரஞ்சு உரித்தாள். சளி பிடித்தவள் ஆரஞ்சைத் தொடாதே என்றேன். "நான் சாப்பிடலம்மா, வர்றவங்களுக்கு" என்றாள். அவளுக்குப் பயங்கர சளி. கம்பவுண்டர் கொடுத்த பழுப்பு மருந்தைக் கொதிநீரில் விட்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் மணி அடித்தீர்கள், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. பாத்திரத்தை நாற்காலிக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஓடினேன். மருந்து வாடையை யாரும் மெழுகில் ஊற்றமாட்டார்கள். அதை விட்டுவிடுங்கள்.

எலுமிச்சைப்புல், கிராம்பு, ஆரஞ்சு. அவ்வளவுதான். செய்து பாருங்கள்.

கல்யாணத்தில் காற்றாடி இல்லாத பக்கமாக என்னை உட்கார வைத்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

சிட்டுவின் அம்மா


மார்ச் 13

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிழை எதுவும் கண்ணில் படவில்லை. காற்றாடி விஷயம் எனக்குத் தெரியாமல் நடந்தது. நாற்காலி போட்டது மண்டபத்துக்காரர்கள். ஆனாலும் வருத்தம்தான்.

தாங்கள் எழுதியபடியே செய்தேன். முதல் முறை அவசரப்பட்டு, அடுப்பில் இருந்த மெழுகிலேயே எண்ணெயை விட்டுவிட்டேன். சூடு அதிகமானால் வாசனை பறந்துவிடுமாம். வீடெல்லாம் மணந்தது, மெழுகுவர்த்தியில் ஒன்றும் இல்லை. பிறகு எண்ணெய் விற்கும் கடைக்காரம்மா சொல்லிக்கொடுத்தார். காகிதக் கீற்றில் ஒவ்வொரு எண்ணெயாகச் சொட்டு விட்டு, சேர்த்துப் பிடித்து முகர்ந்து பார்த்து, எது எத்தனை சொட்டு என்று முடிவு செய்தபின், மெழுகை இறக்கிச் சற்று ஆறவிட்டுத்தான் கலக்க வேண்டும். ஊற்றிய பிறகும் சில நாள் தொடாமல் வைத்திருக்க வேண்டும். நான் பொறுமையானவள் என்று நினைத்திருந்தேன். இல்லை போலிருக்கிறது. தினமும் மூடியைத் திறந்து பார்த்தேன்.

ஏற்றியதும் மகன் அறையிலிருந்து வெளியே வந்தான். "யாருக்கும்மா பல்லு பிடுங்குனாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

கிராம்பைக் குறைத்தேன். அப்போது ஆரஞ்சு மேலே வந்தது, சற்று நேரத்தில் அதுவும் காணாமல் போனது. கடைக்காரம்மா சொல்கிறார்: "ஆரஞ்சு ஓடிப்போற வாசனைங்க. கிராம்பு அதட்டுற வாசனை. அடியில உக்காந்து ரெண்டையும் இழுத்துப் பிடிக்க ஒண்ணு வேணும். உங்ககிட்ட அது இல்ல."

அந்த ஒன்று எது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நினைவு வந்தது. தங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் மகன் என் பக்கம் சாய்ந்து, "என்னம்மா இங்க ஒரு வாசனை?" என்று கேட்டான். நான் "சாம்பிராணி" என்றேன். அப்படித்தான் நினைவு. தாங்கள் எழுதியதில் சாம்பிராணி இல்லையே? விட்டுப்போயிருக்கும். கடையில் சாம்பிராணி எண்ணெயும் இருக்கிறது. வாங்கிச் சேர்க்கலாமா?

மருமகள் ஏன் போனாள் என்று மகனுக்கு இன்றுவரை தெரியவில்லை. போன் செய்தால் "உங்களுக்கே தெரியும்" என்று சொல்லி வைத்துவிடுகிறாளாம். கடல் தாண்டி ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனால் வருடக்கணக்கில் திரும்ப முடியாது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போய்விடலாம் என்றுதான் இருக்கிறான்.

பேத்திக்கு என் முத்தம்.

தங்கள் சம்பந்தி


மார்ச் 16

சம்பந்தியம்மாவுக்கு,

சாம்பிராணியா? என் வாயாலே கேட்கக் காத்திருந்தீர்களா?

எனக்கு விட்டுப்போகாது. எங்கள் வீட்டில் அன்றைக்கும் சாம்பிராணி இல்லை, அதற்கு முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. என் வீட்டுக்காரருக்குப் புகை ஆகாது. தீக்குச்சி உரசினாலே இருமுவார்.

அந்தச் சொல்லை நீங்கள் எப்போது சொன்னீர்கள் என்பதை நான் எழுதுகிறேன், படியுங்கள். சிட்டு டீத் தட்டோடு வந்தாள். மூக்கு சிவந்து, கண் கலங்கி, முகத்தில் ஈரம் காயாமல். கால்மிதியில் தடுக்கி, உங்கள் தம்பியின் கால்சட்டையில் டீயைக் கொட்டினாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், அப்போதும் விழிக்கவில்லை. அந்த நொடியில் நீங்கள் மகன் காதோரம் "சாம்பிராணி" என்றீர்கள். அவர் சிரித்தார். நான் சமையலறை வாசலில் சர்க்கரை டப்பாவோடு நின்றிருந்தேன். அவர் உங்களிடம் கேட்டது என் காதில் விழவில்லை. நீங்கள் சொன்னது மட்டும் விழுந்தது.

பெற்ற மகளை, முதல் தடவை பார்க்க வந்த இடத்திலேயே, புத்தி மந்தமானவள் என்று சொன்னதைக் கேட்டு எந்தத் தாய் சும்மா இருப்பாள்? நான் இருந்தேன். என் வீட்டுக்காரர், "காதுல விழுந்ததையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டா காது தாங்காது, விடு" என்றார். எனக்கும் மாப்பிள்ளையின் முகம் பிடித்திருந்தது. விட்டேன். எடுத்து மட்டும் வைத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் சிட்டு இங்கே வந்திருந்தபோது, ஓயாமல் உங்கள் புராணம். அத்தை காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், அத்தை தலை பின்னி விட்டார்கள். நான் பின்னாத தலையா? "உங்க அத்தை அன்னைக்கே உன்னை சாம்பிராணின்னு சொன்னவங்கடி" என்றேன். நடந்ததைத்தான் சொன்னேன். ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போய் உங்கள் மகனிடம் கேட்டிருக்கிறாள்.

"அன்னைக்கு எங்க வீட்ல உங்கம்மா உங்க காதுல சாம்பிராணின்னு சொன்னாங்களா?"

"ஆமா, சொன்னாங்க."

"நீங்க சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன். அதுக்குத்தானே சம்மதிச்சேன்!"

மறுநாள் பெட்டியும் பிள்ளையுமாக என் வாசலில் நின்றாள். புத்தியில்லாதவள், சொன்னபடி கேட்பாள் என்று கட்டிக்கொண்டவரோடு எப்படி அம்மா இருப்பது என்று கேட்டாள். கதவைத் திறந்துவிட்டேன்.

இப்போது அதே சொல்லுக்கு எண்ணெய் இருக்கிறது, வாங்கிச் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். நன்றாகச் சேருங்கள்.

சிட்டுவின் அம்மா


மார்ச் 20

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

தங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மகனிடம் படித்துக் காட்டினேன். கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தான். "அம்மா, அவ வாசனையத்தானே கேட்டா?" என்றான். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு முறை படித்துவிட்டு, "வேற எதக் கேட்டா?" என்றான். பிறகு அவனே முகத்தைப் பொத்திக்கொண்டான்.

உடனே மருமகளுக்குப் போன் செய்தான். அது வாசனைக்குச் சொன்ன பேர் என்று சொன்னான். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க வீட்ல அன்னைக்கு சாம்பிராணியே இல்ல. எங்கம்மாவுக்கு ஞாபகம் தப்பாது. இப்ப புதுசா ஒண்ணு கட்டாதீங்க." வைத்துவிட்டாளாம்.

இனி என் குழப்பத்தைச் சொல்கிறேன். தாங்கள் கோபப்படக் கூடாது. சாம்பிராணி வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் அதைப் புகை போடுவதில்லை, என் அம்மா துணிப்பெட்டியில் கட்டி கட்டியாகப் போட்டுவைப்பார். தங்கள் வீட்டில் வந்தது அதுதான் என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கிறது. ஆனால் தங்கள் வீட்டில் அது இல்லவே இல்லை என்கிறீர்கள். தாங்கள் மறக்கிறவர் இல்லை. அப்படியானால் இல்லாத வாசனையையா நாங்கள் இரண்டு பேரும் முகர்ந்தோம்?

இன்னொன்றும் தோன்றுகிறது. மேலே டீ கொட்டியும் தூங்கிய என் தம்பியைச் சொல்லியிருப்பேனோ? அவனைச் சிறுவயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவேன். அல்லது, சொல்லவே கூசுகிறது, தடுக்கி விழுந்த பெண்ணைப் பார்த்து உண்மையிலேயே... இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். தங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என் வாயையே எனக்கு நம்பத் தெரியவில்லை.

சாம்பிராணி எண்ணெய் வாங்கினேன். தேன் மாதிரி கெட்டி. சீசாவை வெந்நீரில் வைத்து இளக்கித்தான் விட முடிந்தது. ஆரஞ்சு, கொஞ்சம் கிராம்பு, எலுமிச்சைப்புல் பெயருக்கு ஒரு சொட்டு, அடியில் இது. இரண்டு செய்தேன். ஒன்று இத்துடன் வருகிறது. மற்றதை நான் ஏற்றவில்லை, மகனுக்கும் காட்டவில்லை. அந்த அறையில் அன்று இருந்தவர் தாங்கள். அந்த அறை இருப்பதும் தங்களிடம். அங்கேயே ஏற்றிப் பாருங்கள். அன்றைய வாசனை இது இல்லையென்றால், நான் சொன்னது மருமகளைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு நான் எழுதமாட்டேன். அவனையும் தடுக்கமாட்டேன்.

தங்கள் சம்பந்தி


மார்ச் 24

சம்பந்தியம்மாவுக்கு,

பார்சல் வந்தது. திரி கோணலாக நிற்கிறது. நூலகத்தில் புத்தகத்தையும் இப்படித்தான் அடுக்கினீர்களா?

ஏற்றவில்லை. துணி அலமாரியில், என் வீட்டுக்காரரின் ஸ்வெட்டருக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை.

என்ன வேலை வைத்திருக்கிறீர்கள் எனக்கு! ஏற்றி, அந்த வாசனை வந்தால் என் ஞாபகம் பொய்யாகிறது. வராவிட்டால் என் மகளின் வாழ்க்கை அந்த மெழுகோடு போகிறது. எது வந்தால் நான் சந்தோஷப்பட வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். படித்தவர்தானே.

அன்றைக்கு எங்கள் வீட்டில் சாம்பிராணி இல்லை. இதை எழுதும்போதும் சொல்கிறேன். அலமாரி, அடுப்படி, பரண், எல்லாம் கண்முன் நிற்கிறது. இல்லை.

வாண்டு இன்றைக்கு, "ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் ஒடஞ்சு போச்சா?" என்று கேட்டது. கையில் ஒரு பிஸ்கெட்டைக் கொடுத்து விளையாட அனுப்பினேன்.

சிட்டுவின் அம்மா


மார்ச் 27

சம்பந்தியம்மா,

எனக்கும் தெரியவில்லை, எது வந்தால் நல்லது என்று. என்னிடம் இருப்பதைத் தொடவே பயமாக இருக்கிறது. திரி கோணல்தான், அவசரத்தில் நட்டது.

வேலைக்குச் சம்மதக் கடிதம் எழுதி மேசை மேல் வைத்திருக்கிறான். திங்கட்கிழமை அனுப்புவானாம். தயவுசெய்து ஏற்றுங்கள். வேறு எதுவும் கேட்கமாட்டேன்.


மார்ச் 29, ஞாயிறு

சம்பந்தியம்மாவுக்கு,

இது உங்கள் கைக்கு வருவதற்குள் விஷயம் வீடு வந்து சேர்ந்திருக்கும். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க என்னை விட்டால் ஆள் இல்லை.

மதியம் சாப்பிட்ட பிறகு சிட்டு வாண்டோடு உள்ளறையில் படுத்திருந்தாள். நான் முன்னறையில் ஜன்னலைச் சாத்தி, நீங்கள் அன்று உட்கார்ந்த நாற்காலிக்கு எதிரில் ஸ்டூல் போட்டு, உங்கள் மெழுகுவர்த்தியை ஏற்றினேன். திரியை நிமிர்த்திவிட்டுத்தான் ஏற்றினேன். வரக் கூடாது என்று நினைத்தேனா, வர வேண்டும் என்று நினைத்தேனா, என்னைக் கேட்காதீர்கள்.

முதலில் ஆரஞ்சு வந்தது. போய்விட்டது. பிறகு கிராம்பு வந்து நின்றது. என் வீட்டுக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுகிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான், சாம்பிராணியும் இல்லை ஒன்றும் இல்லை, நான் சொன்னதுதான் சரி என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது மெழுகு உருகிக் குளமாகி, அடியில் இருந்தது மெல்ல ஏறியது. இனிப்பாக, கனமாக, ஈரத் துணியை மூக்கோடு வைத்த மாதிரி. எனக்குத் தெரிந்த வாசனை. எங்கே, எதில் என்று மட்டும் பிடிபடவில்லை. எனக்கு, சம்பந்தியம்மா, எனக்குப் பிடிபடவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளறையிலிருந்து சிட்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். பாதித் தூக்கம்.

"யாருக்கும்மா சளி?" என்றாள்.

"என்னடி?"

"யாரு ஆவி பிடிக்கிறா? வாண்டுக்கா?"

அப்படியே எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் மாடிக்குப் போனேன். கம்பவுண்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி கல்லு மாதிரி. ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தினேன்.

"ஏங்க, சிட்டுவ பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஆவி பிடிக்க ஒரு பழுப்பு மருந்து குடுத்தீங்களே, அது என்னது?"

"எது, டிங்சரா? அது சாம்பிராணிதானம்மா. சாம்பிராணிய ஸ்பிரிட்ல ஊறவச்சு வடிகட்டுனது."

"சாம்பிராணின்னா புகைக்கிற சாம்பிராணியா?"

"ஆமா. பொகஞ்சா ஒரு வாசனை, ஊறுனா ஒரு வாசனை. ஏன், யாருக்கு சளி?"

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலியே."

திரும்பிப் பார்த்தால் சிட்டு படியில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள், தெரியாது. என்னைப் பார்க்கவில்லை. "அதுக்குத்தானே சம்மதிச்சேன்" என்றாள். சற்று இழுத்து இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் சிரிக்கிற மாதிரி. ஒரே வார்த்தைதான், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆளாக வந்து நின்றது. கம்பவுண்டர் தன்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்து, "எதுக்கும்மா?" என்று கேட்டார். அதற்கு அவள் அழுதாள்.

அவருக்குப் போன் போடு என்றேன். "கேட்டுத்தானம்மா, பேசித்தானம்மா, இவ்வளவும் ஆச்சு" என்றாள். பெட்டியை எடுத்தாள். எரிந்துகொண்டிருந்ததை ஊதி அணைத்து, மெழுகு இறுகும் வரை காத்திருந்து, பாதியாய் இருந்ததைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வாண்டு "லிஃப்டு சரியாயிடுச்சா?" என்றது. ஐந்து மணி பஸ்ஸில் ஏறினார்கள். எங்கே போகிறேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் ஊர் பஸ் அது.

மேசை மேல் இருக்கிற கடிதத்தை எடுத்து ஒளித்து வையுங்கள். அல்லது அதைக் கிழித்துத் திரி செய்யுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் காதில் விழுந்தது விழுந்ததுதான். சாம்பிராணி என்றுதான் விழுந்தது, நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். என் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. பழுப்பு மருந்து என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன், எடுத்துப் பாருங்கள். நூலகத்தில் அத்தனை வருடம் இருந்தவர், அது என்ன மருந்து என்று ஒரு வரி திருப்பிக் கேட்டிருக்கலாம். பரவாயில்லை, அதை விட்டேன். காற்றாடியையும் விட்டேன், அடுத்த முறை நான் அங்கே வரும்போது எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு. மாப்பிள்ளையையும் விட்டேன். வாசனைக்காகச் சம்மதித்தேன் என்று முழுசாகச் சொல்லாமல் "அதுக்குத்தானே" என்று பாதியை முழுங்கிய அவர் வாயைச் சிட்டு பார்த்துக்கொள்வாள். தூங்கிய மீசைக்காரரைக்கூட விட்டேன்.

ஆனால் ஒரு ஆள். கூப்பிடாமல் வந்து, ஜன்னல் கட்டையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, பிஸ்கெட்டை நனைத்துத் தின்று, இத்தனை வருடமும் என் தலைக்கு மேலேயே நடமாடிக்கொண்டு, சீசாவில் இருப்பது என்ன என்று ஒரு வார்த்தை சொல்லாத ஆள். அவரை மட்டும் இந்த ஜென்மத்தில் மன்னிக்கமாட்டேன்.

மாடிவீட்டுக் கம்பவுண்டர்.